கப்பலை விட்ட தாமோதரன்

"உங்கள் கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டபோது, வக்கீல் இக்னேஷியஸுக்குத் தன் கட்சிக்காரரின் பெயர்கூடத் தெரியாது.

தெரிய வழியும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான், வராந்தாவில் சும்மா நின்றவரைக் கூப்பிட்டு, "இந்த ஆளுக்கு வக்கீல் இல்லை, நீரே பாரும்" என்று கோர்ட் ஒப்படைத்திருந்தது. ராயபுரத்தில் விளக்கில்லாமல் சைக்கிள் விட்டவர்களுக்கு வாதாடியே பத்து வருஷத்தைக் கழித்தவர் இக்னேஷியஸ். அதிலும் ஒன்றில்கூட ஜெயித்ததில்லை.

கூண்டில் ஆறடி உயரத்தில் ஒரு வெள்ளைக்காரர் நின்றார். பெயர் டிமிதர், ஊர் பல்கேரியா, தொழில் கப்பலில் மாலுமி. அவருக்கு இங்கிலீஷில் ஷிப், ஹலோ, தேங்க்யூ என்று மூன்றே சொற்கள் தெரியும். அவர் பாஷை தெரிந்தவர் மதராஸில் ஒருவரும் இல்லை. கல்மண்டபம் பக்கம் மீன் ஏலத்தை வேடிக்கை பார்க்கப் போனவர், வம்பில் மாட்டிக்கொண்டார்.

ஏலம் கூவிய கன்னியம்மா சாட்சி சொன்னாள்: "நா இன்னாங்க பண்றது? 'எடுத்துக்கிறியா நைனா'ன்னு கேக்கக் கேக்க மண்டைய மண்டைய ஆட்டிகினே இருந்தாரு. பதினோரு கூடை வஞ்சிரத்த அவரு பேர்ல முடிச்சிட்டேன். துட்டு கேட்டா முழிக்கிறாரு."

அந்தத் தகராறு போலீஸ் ஸ்டேஷனில் தீர்வதற்குள் கப்பல் போய்விட்டது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊருக்குள் இருந்தது குற்றம் என்று வழக்கு.

மாஜிஸ்திரேட், "நீ தப்பு செய்தாயா?" என்று விரலை நீட்டிக் கேட்டார். டிமிதர் மேலும் கீழுமாகப் பலமாகத் தலையாட்டினார்.

"ஒப்புக்கொள்கிறார்!"

"ஐயா, அவருக்குக் கேள்வியே புரியவில்லை! வாய்தா வேண்டும்!" என்று இக்னேஷியஸ் துள்ளி எழுந்தார். வாய்தா கிடைத்தது. கூடவே, அதுவரை டிமிதருக்குப் பதினைந்து நாள் ஜெயிலும் கிடைத்தது.

இக்னேஷியஸ் நேராகக் கமாலுதீனைத் தேடி ஓடினார். வெளிநாட்டார் பதிவு ஆபீஸில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சட்டம் முழுவதும் மனப்பாடம்.

"வக்கீல் சாப், மத்த கேஸ் மாதிரி இல்ல இது. இந்தச் சட்டத்துல எல்லாம் தலைகீழ். 'நான் அன்னியன் இல்ல'ன்னு அவன்தான் நிரூபிக்கணும்" என்றார் கமாலுதீன்.

"ஆறடி பல்கேரியாக்காரனை நான் எப்படி ராயபுரத்தான்னு நிரூபிக்கிறது?"

"முடியாது. அதனால மொதல்ல ஜாமீன் எடுங்க. அப்புறம் ஆளுக்கு இன்னா வேணும்னு அவனையே கேளுங்க. போறேன்னா ஒரு மனு, இருக்கேன்னா வேற மனு."

பாவம் செய்துவிட்டோமே என்று மனம் உறுத்திக்கொண்டிருந்த கன்னியம்மாவே ஜாமீன் கொடுத்தாள். தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டாள். டிமிதர் என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. மறுநாளே தாமோதரன் ஆனார்.

"கருவாடு துன்றியா தாமோதரா?" மேலும் கீழும் தலையாட்டினார். போட்டாள்.

"இட்லி வேணுமா?" ஏக்கத்தோடு பார்த்து, தலையை இடவலமாக ஆட்டினார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இன்னா மன்சன்யா! வெள்ளக்காரன்னு பேரு, மூணு வேளையும் கருவாடுதான் கேக்குறான்!" என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள். தாமோதரன் நாளுக்கு நாள் இளைத்தார். கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து, கருவாட்டை இரட்டிப்பாக்கினாள்.

இக்னேஷியஸ் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு கமாலுதீனையும் அழைத்துக்கொண்டு வந்தார். தாமோதரன் சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். மனைவி, மடியில் குழந்தை.

இக்னேஷியஸ் படத்தைக் காட்டி, துறைமுகத்தைக் காட்டி, "இவங்ககிட்ட போகணுமா?" என்று கேட்டார்.

தாமோதரன் கண்ணில் நீர் தளும்ப, "ஷிப்! ஷிப்!" என்று கதறி, தலையை இடமும் வலமும் விசிறி விசிறி ஆட்டினார்.

"கப்பல்னாலே நடுங்குறாரே!"

"பொண்டாட்டிக்குப் பயந்த ஆளு, வக்கீல் சாப். மூஞ்சப் பாத்தாலே தெரியுது."

"இங்கேயே இருந்துடறீங்களா?" என்று இக்னேஷியஸ் தரையைக் காட்டினார். தாமோதரன் கழுத்து ஒடிந்துவிடும்போல மேலும் கீழும் ஆட்டினார்.

இக்னேஷியஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு மனிதன் தன்னை நம்பி அடைக்கலம் கேட்கிறான். சைக்கிள் விளக்குக்கா சட்டம் படித்தோம்? இந்த மனிதரை யார் வந்தாலும் கப்பலேற்ற விடுவதில்லை என்று அந்தோணியார் மேல் ஆணையிட்டார்.

இதற்கிடையில் பல்கேரியத் தூதரகத்திலிருந்து கோர்ட்டுக்குக் கடிதம் வந்தது. சனிக்கிழமை தங்கள் நாட்டுக் கப்பல் மதராஸிலிருந்து புறப்படுகிறது, அவர் சம்மதித்தால் இலவசமாக அழைத்துப் போகிறோம் என்று இருந்தது. அவர் பாஷையிலும் ஒரு தாள் இணைத்திருந்தார்கள். தாமோதரன் அதைப் படித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

"என்ன மிரட்டியிருக்கிறார்களோ பாருங்கள், ஐயா!" என்று இக்னேஷியஸ் கோர்ட்டில் முழங்கினார்.

மாஜிஸ்திரேட் நியாயஸ்தர். கடைசி விசாரணையில் தாமே கேட்டார். கடிதத்தைக் காட்டினார், ஜன்னல் வழியே துறைமுகத்தைக் காட்டினார். "ஷிப். போக விருப்பமா?"

தாமோதரன் தலையைப் பக்கவாட்டில் படபடவென்று ஆட்டிக்கொண்டே, "டா! டா! டா!" என்று கத்தினார்.

மாஜிஸ்திரேட்டின் மூக்கு சிவந்தது. "யாரைப் பார்த்து டா போடுகிறான்?"

"மன்னிக்க வேண்டும் ஐயா! இரண்டு மாதம் கல்மண்டபத்தில் இருந்த பழக்கம். இந்த மண்ணோடு எவ்வளவு கலந்துவிட்டார் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?" என்றார் இக்னேஷியஸ். தன் வாழ்நாளிலேயே சிறந்த வாதம் அதுதான் என்று அவருக்கே தோன்றியது.

மாஜிஸ்திரேட் அசந்துபோனார். தாமோதரனை அபராதம்கூட இல்லாமல் எச்சரித்து விட்டுவிட்டார். இந்தியாவில் தங்க அவர் பெயரில் கமாலுதீன் எழுதியிருந்த மனுவுக்குச் சர்க்கார் பதில் சொல்லும்வரை அவரைக் கப்பலேற்றக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

"சர்க்கார் பதில் எப்போ வரும் பாய்?" என்று வெளியே வந்து இக்னேஷியஸ் கேட்டார்.

"என் அனுபவத்துல ரெண்டு வருஷத்துக்குக் கொறஞ்சு எந்த மனுவும் அசைஞ்சதில்ல" என்றார் கமாலுதீன் பெருமையாக.

சனிக்கிழமை மத்தியானம் கன்னியம்மா வீட்டில் விருந்து. இக்னேஷியஸுக்கு மாலை, தாமோதரனுக்கும் மாலை. கமாலுதீன் தன் மைத்துனர் அப்துல் வஹாபையும் கூட்டி வந்திருந்தார். பல தேசத்துக் கப்பல்களில் சமையல்காரராக உலகத்தைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியவர் அவர். வந்ததிலிருந்து ஒரு மூலையில் உட்கார்ந்து தாமோதரனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஊதியது. தாமோதரன் எழுந்து வாசலுக்கு ஓடினார். இக்னேஷியஸ் அவரைக் கட்டிப்பிடித்து, "பயப்படாதீங்க, அது போயிடுச்சு!" என்று தட்டிக்கொடுத்து இலையில் உட்காரவைத்தார்.

"அழுவாத தாமோதரா. இன்னும் ரெண்டு கருவாடு வெக்கட்டா?" என்று கன்னியம்மா சட்டியை நீட்டினாள்.

தாமோதரன் கண்ணீர் தெறிக்க, மேலும் கீழும் தலையாட்டினார்.

அவள் மூன்றாக வைத்தாள்.

அப்துல் வஹாப் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"வக்கீல் சார், பல்கேரியாக்காரங்க கப்பல்ல நா நாலு வருஷம் சமைச்சிருக்கேன்... அவுங்க பாஷைல 'டா'ன்னா 'ஆமா'. அவுங்க ஊர்ல தலைய மேலயும் கீழயும் ஆட்னா 'வாணாம்'னு அர்த்தம், பக்கவாட்டுல ஆட்னாத்தான் 'சரி'."