நாலு லிட்டர் போதும் என்றார் சின்னவர்

‘தெரியாது’ என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் வியாதி ஒன்று உண்டு. எனக்கு அது இருபத்தோரு வயதில் நன்றாக முற்றியிருந்தது. தஞ்சாவூரில் ஐ.டி.ஐ. முடித்து, டீசல் மெக்கானிக் என்று ஒரு சர்ட்டிபிகேட்டும் வாங்கிக்கொண்டு, குடவாசல் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். யார் எதைக் காட்டி “இது ஓடுமா தம்பி?” என்று கேட்டாலும் “பார்த்துக்கலாம்” என்பேன். பம்புசெட்டைப் பார்த்துக்கொண்டேன். ரைஸ்மில் மோட்டாரைப் பார்த்துக்கொண்டேன். கோயில் ஸ்பீக்கரையும் பார்த்துக்கொண்டேன். (அதற்குப் பிறகு அது பாடவில்லை. ஊர் நிம்மதியாகத் தூங்க நான் செய்த கைங்கரியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்பா அரை வேலி, அதாவது மூணு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். தாத்தா காலத்திலிருந்தே நாங்கள்தான் செய்கிறோம், ஆனால் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஆட்சி மாறி வந்தவர்கள், குத்தகைதாரர் பேரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கேள்விப்பட்டதும் சுற்றுவட்டாரத்தில் பல மிராசுதார்கள், பதிவேட்டில் பேர் ஏறுவதற்குள் வயலிலிருந்து ஆளை இறக்கிவிட்டார்கள். தினம் ஒரு ஊரில் அடிதடி, வழக்கு. அப்பாவுக்கு அந்த வருஷம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

எங்கள் நிலத்துக்காரர் அதற்கு முந்தின வருஷம்தான் காலமாகியிருந்தார். அவர் மகனை ஊரில் சின்னவர் என்போம். மெட்ராஸில் படித்தவர், முப்பது வயதிருக்கும். அந்த வீட்டிலிருந்து என் அப்பாவை ‘வாங்க, போங்க’ என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். “நீங்கதான் பண்றீங்கன்னு தாலுகா ஆபீஸ்ல வந்து நானே எழுதிக் குடுக்கறேன்” என்று சொல்லிவிட்டார். அவருடைய சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. திங்கட்கிழமை காலை பத்தரைக்குத் தாசில்தார் முன்னால் கையெழுத்து. அன்று சாயங்காலமே சின்னவர் மெட்ராஸ் கிளம்புகிறார். அவர் போய்விட்டால் நிர்வாகம் முழுக்கச் சித்தப்பா கைக்குப் போய்விடும். ஆக, எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு திங்கட்கிழமை.

சின்னவரிடம் ஒரு கார் இருந்தது. சீமையிலிருந்து இறக்கிய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், ரெண்டே ரெண்டு சீட்டு, கூரை கிடையாது. தரையோடு தரையாக இருக்கும். அதில் போகிறவரைப் பார்த்தால் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே நகர்கிற மாதிரி தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வயலைப் பார்க்க வந்தவர், அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொன்னார்: “வண்டிக்கு ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சு. வரும்போதே சத்தம் ஒரு மாதிரி இருந்தது. தஞ்சாவூர்தான் போகணும், இன்னிக்கு எவன் கடையைத் திறந்து வெச்சிருக்கப் போறான்.”

அவரைச் சந்தோஷப்படுத்த என்ன கிடைக்கும் என்று ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த அப்பா, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “எதுக்குங்க தஞ்சாவூர்? எம் பையன் படிச்சதே இந்தப் படிப்புதானுங்களே.”

சின்னவர் என்னைப் பார்த்தார். நான் படித்தது டீசல் இன்ஜின். அந்தக் கார் பெட்ரோல். அதன் பானெட்டை எந்தப் பக்கமாகத் திறப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. “பார்த்துக்கலாங்க” என்றேன்.

முதல் சிக்கல், காருக்கு அடியில் கையே நுழையாது என்பது. ஆயிலை வடிக்க வேண்டிய நட்டு அடியில்தான் இருக்கிறது. பட்டறையில் அதற்கென்று பள்ளம் தோண்டி வைத்திருப்பார்கள். எனக்கு ஒரு மகா யோசனை வந்தது. மேட்டூர் தண்ணீர் இன்னும் வரவில்லை, எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. இடப்பக்கச் சக்கரங்கள் ஒரு கரையில், வலப்பக்கச் சக்கரங்கள் மறு கரையில் நின்றால் நடுவில் நான் படுத்துக்கொள்ளலாம். சின்னவரே தயங்கித் தயங்கி ஓட்டி வந்து, மதகைப் பார்த்தபடி நிறுத்தினார். “பரவாயில்லையே, மூளை வேலை செய்யுது” என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த கடைசிப் பாராட்டு அது.

பத்து லிட்டர் ஆயில் டின்னை இறக்கி வைத்துவிட்டு, “நாலு லிட்டர். சரியா நாலு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது” என்று மூன்று தடவை சொன்னார். சாவியை எடுத்துக்கொண்டு நடந்து போனார்.

பழைய ஆயிலை வடித்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாதி வாளியிலும் பாதி என் சட்டையிலும் வடிந்தது. நட்டை முறுக்கிவிட்டு எழுந்து, புது ஆயிலுக்கு வந்தோம். அக்கா புனலைப் பிடித்துக்கொண்டாள். டின்னிலிருந்து லிட்டர் படியில் அளந்து கொடுக்கும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். களத்தில் நெல் அளந்த கை, இன்னொருவரை அளக்க விடாது. முதல் படியை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணை மூடி, “லாபம்” என்று சொல்லி என்னிடம் நீட்டினார்.

எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு ‘லாபம்’, அதற்கப்புறம் ரெண்டு, மூணு. இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். (தெரிந்தும்தான் இந்தக் கூத்து.)

லாபத்தை ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், வரப்பில் சித்தப்பாவின் காரியஸ்தர் குடையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். “என்ன, சின்னவர் வண்டி வாய்க்கால்ல விழுந்து கிடக்கு?” என்று கேட்டார். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிப்போய், விழவில்லை, சின்னவரே நிறுத்தியது என்று விளக்கிச் சொல்லி அனுப்பிவிட்டு வந்தார். வந்து படியை மறுபடி எடுத்தார்.

“எதுல விட்டோம்?” என்றார்.

“இன்னும் எண்ணவே ஆரம்பிக்கலைப்பா” என்றேன்.

சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. அவர் கண்ணை மூடி நின்ற நிலையில், அது என் மனதில் சாமி கும்பிட்டதாகத்தான் பதிந்திருந்தது. எண்ணாகப் பதியவில்லை. அப்பா மறுபடி “லாபம்” என்றார். ரெண்டு, மூணு, நாலு என்று கணீரென்று முடித்தார். நாலு லிட்டர் என்று நாங்கள் நினைத்தபோது உள்ளே ஐந்து போயிருந்தது.

இத்தோடு விட்டிருந்தால்கூட ஏதோ சமாளித்திருக்கலாம். நான் படித்தவன் இல்லையா? அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே நனைந்திருந்தது. வாய்க்கால் கரை மதகுப் பக்கம் மேடு, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஆயில் எல்லாம் பின்னால் ஓடிக் கிடக்கிறது என்பது என் சர்ட்டிபிகேட்டுக்கு எட்டவில்லை. “சீமை வண்டிப்பா, கொஞ்சம் கூடத்தான் குடிக்கும்” என்று சொல்லி இன்னொரு லிட்டரை ஊற்றினேன். இன்ஜினை ஓடவிட்டுச் சரிபார்க்கவும் வழியில்லை, சாவி சின்னவரிடம் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். வண்டியைக் கரையிலிருந்து இறக்கினார். “ஏறுங்க, சேர்ந்தே போயிடுவோம்” என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா ஆயுளில் முதல் முறையாகக் காரில் உட்கார்ந்தார். மடியில் மஞ்சள் பை, அதற்குள் தாத்தா காலத்து ரசீதுகள். ஊர் எல்லை தாண்டும்வரை இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி போனார். பின்னால் லேசாக வெள்ளைப் புகை வந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அக்கா கேட்டாள்: “ஏண்டா மணி, நேத்து அப்பா லாபம்னு ரெண்டு தடவை சொன்னாங்களே, அது எதுக்கு?”

ஐந்து என்று விரல் விட்டேன். அப்புறம் நானாக ஊற்றியதையும் சேர்த்து ஆறாவது விரலுக்கு அடுத்த கைக்குப் போனேன். “நிறுத்தச் சொல்லு, நிறுத்தச் சொல்லு” என்று யாரும் இல்லாத ரோட்டைப் பார்த்துக் கத்திவிட்டு, சைக்கிளை எடுத்து மிதித்தேன். மிதித்த ஒவ்வொரு மிதிக்கும் அந்த அரை வேலி கண் முன்னால் நின்றது. அப்பா இனி அதில் கூலிக்குப் போவாரா, அதற்காவது விடுவார்களா என்றுதான் மனசு ஓடியது.

ஒரு மைல் தாண்டி, ஆற்றுப் பாலத்தருகே புகை மட்டும் தெரிந்தது. கார் தெரியவில்லை. வைக்கோல்போர் பற்றிக்கொண்டால் வருமே, அவ்வளவு புகை. அதற்குள்ளிருந்து அப்பா மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமியபடி வந்தார். பின்னாலேயே சின்னவர். பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறார், வெள்ளைச் சட்டை முழுக்க ஆயில் தெறித்திருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்குக் காத்திருந்த காரியஸ்தர் இதையெல்லாம் பார்த்தார். வந்த பஸ்ஸில் தாவி ஏறினார், நாங்கள் கை காட்டுவதற்குள் அது போய்விட்டது.

“எவ்வளவு ஊத்துனே?” என்றார் சின்னவர்.

‘நாலு’ என்று சொல்லத்தான் வாய் போனது. அப்பா முகத்தைப் பார்த்தேன். “ஆறுங்க” என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த பஸ் பதினொன்றரைக்கு. என் சைக்கிளைப் பார்த்தார். கேரியரில் ஏறி உட்கார்ந்தார். அப்பா “நான் ஓடியாந்துடறேனுங்க” என்றார். “முன்னாடி ஏறுங்க, நேரமாச்சு” என்றார் சின்னவர். முன் பாரில் குத்தகைக்காரர், கேரியரில் மிராசுதார், நடுவில் மிதிக்கும் நான். அஞ்சு மைல். அப்பாவின் முதுகு என் நெஞ்சில் பட்டு நடுங்கிக்கொண்டே வந்தது. திட்டிவிட்டாலாவது தேவலையே என்று இருந்தது எனக்கு.

தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரே கூட்டம். காரியஸ்தர் வேலையை முடித்துவிட்டிருந்தார். சின்னவர் காரைக் குத்தகைக்காரன் மகன் கொளுத்திவிட்டான் என்று செய்தி எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. போலீசுக்கு ஆள் அனுப்பலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா பெஞ்சில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டபடி உள்ளே போனார். யாரைக் கும்பிடுகிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

தாசில்தார் சின்னவரை ஏற இறங்கப் பார்த்தார். “இந்தப் பையன் உங்க காரைக் கொளுத்திட்டான்னு சொல்றாங்களே, நிஜமா?”

சின்னவர் முகத்தில் வழிந்த ஆயிலைத் துடைத்துக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“கொளுத்தலைங்க” என்றார். “கொழுக்க வெச்சுட்டான்.”

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தலையைத் தூக்கி, ரொம்பப் பொறுப்பாக, “சார், ளாவா ழாவா?” என்று கேட்டார்.

தாசில்தார்தான் முதலில் சிரித்தார். அப்புறம் சின்னவருக்கு அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார், காகிதத்தின் ஓரத்தில் கறுப்பாக அவர் கட்டைவிரல் பதிந்தது. அப்பா சிரிக்கவில்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்து அழுதார். நானும் அழுதேன்.

மதியம் திரும்பி வந்து ஆளை வைத்துக் காரைத் தள்ளி, அதே வாய்க்கால் மேல், இந்தத் தடவை கரை மட்டமாக இருந்த இடத்தில் நிறுத்தினோம். கூடுதல் ரெண்டு லிட்டரை வடித்தேன். அக்காவிடம் நடந்ததை முழுக்கக் கேட்டிருந்த சின்னவரே பக்கத்தில் குந்தி உட்கார்ந்து “ஒண்ணு” என்று எண்ணினார். “யாராவது லாபம்னு சொன்னீங்க, இறங்கி அடிப்பேன்” என்றார். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டதும் கார் கிளம்பியது. சாயங்காலம் மெட்ராஸ் போய்விட்டார்.

அதன் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பம்புசெட் தவிர எதையும் நான் தொட்டதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மருமகள்கள் வரை அந்தக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. விருந்தாளி யாராவது வந்து நான் சோற்றுக் கரண்டியை எடுத்தால் போதும், என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: “இலையைப் பாத்துக்குங்க. இவரு ஒரு காரையே கொழுக்க வெச்சவரு.” எல்லாரும் சிரிப்பார்கள். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. இலையில் விழுவது அந்த அரை வேலியில் விளைந்த அரிசி. இன்னொரு கரண்டி வைத்துவிட்டுத்தான் நகர்வேன்.