தந்தியண்ணனின் மளிகைப் பட்டியல்

மலாக்காவில் வீட்டைப் பூட்டியவர்கள் உண்டு. வாயைப் பூட்டியவர்களும் உண்டு. சொந்தப் பெயரையே பூட்டி வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து தந்தியண்ணன் ஒருவர்தான். அங்கே காஜா பெராங் பகுதியில் ஒரே பலகை வீட்டில் நாலு வருஷம் அவரோடு இருந்தேன். பெயரைக் கேட்டால், "எதுக்கு?" என்பார். தந்தி ஆபீசில் வேலை பார்த்ததால் நாங்களாக வைத்த பெயர் அது.

தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. சொற்களை எண்ணி எண்ணி அனுப்பி, வாயும் அப்படியே பழகிவிட்டது. வீட்டில் சமையல் முத்து பொறுப்பு. ரோடு போடும் வேலை அவனுக்கு.

"குழம்பு எப்படிண்ணே?" என்றான் ஒருநாள்.

"உப்பு."

கூடவா, குறைவா? அதைச் சொல்ல இன்னொரு சொல் வேண்டுமே! முத்து மறுநாள் குறைத்தான். "உப்பு" என்றார். அடுத்த நாள் கூட்டினான். "உப்பு." அதற்கடுத்த நாள் கரண்டியை அவர் கையில் திணித்துவிட்டு முத்து கடைக்குச் சாப்பிடப் போய்விட்டான்.

சாவி என்றாலே அண்ணனுக்கு ஆகாது. "தொலையும்" என்பார். வீட்டிலிருந்த எங்கள் ஐந்து பேரையும் நாலு இலக்க நம்பர் பூட்டு வாங்க வைத்தார். எல்லாருடைய நம்பரும், நாங்கள் படுக்கிற வரிசைப்படி, அவருடைய சின்ன நோட்டில் இருந்தது. அதை யார் திருடிப் பார்த்தாலும், கடுகு, சீனி, மிளகாய், பருப்பு என்று மளிகைப் பட்டியல்தான் தெரியும். நம்பர் ஒன்றுகூட இருக்காது.

அவரை ஈப்போவுக்கு மாற்றினார்கள். புறப்படுகிற அன்று என்னை எதிர்க் கடை வாசலுக்குக் கூட்டிப் போனார். கடைக்கார நானா முதுகுக்குப் பின்னால் ஒரே தட்டில் பத்து டின்கள் வரிசையாக இருக்கும். அண்ணன் தாடையால் காட்டினார்.

"இடமிருந்து வலம். ஒன்று, இரண்டு. பத்தாவது பூஜ்யம்."

எனக்குப் புரிந்தது. நானாவின் டின் வரிசைதான் அந்த நோட்டைத் திறக்கும் வழி.

"எனக்கு எதுக்குண்ணே?"

"பேசமாட்டே."

உண்மைதான். சாமான் வாங்கக்கூட நான் வாயைத் திறக்காமல் விரலை நீட்டுகிற ஆள்.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். சில மாதம் கழித்து குடியுரிமைப் பதிவுக்கு முத்துவைக் கூப்பிட்டார்கள். மறுநாள் பகல் இரண்டு மணிக்குப் பிறப்புப் பத்திரத்தோடு வரவேண்டும். பத்திரம் பெட்டிக்குள். பெட்டியில் நம்பர் பூட்டு. நம்பரை முத்து சுத்தமாக மறந்திருந்தான். சுத்தியலால் அடித்தோம், சுத்தியல் பிடிதான் முறிந்தது. ஒவ்வொரு நம்பராகத் திருப்பிப் பார்த்தான். நானூற்றுச் சொச்சத்தில் தும்மல் வந்து, எதுவரை வந்தோம் என்பதும் மறந்துபோனது.

"இங்கதானடா பொறந்தேன்! பேப்பர் இல்லேன்னா கப்பல்ல ஏத்திடுவானுங்களா?" என்றான்.

ஈப்போவுக்குத் தந்தி அடித்தேன். மறுநாள் காலை பதில் வந்தது. கொண்டுவந்த ஆள், "வீட்ல யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். ஆங்கில எழுத்தில் அத்தனையும் மளிகை! முத்து பெயரை மட்டும் போட்டால் ரகசியம் போய்விடும் என்று, நோட்டு முழுவதையும் அனுப்பியிருந்தார் மனுஷன். நாங்கள் படுக்கிற வரிசைப்படி, ஆளுக்கு நாலு சாமான். எண்ணினேன். இருபது இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தொன்று இருந்தது. கடைசிச் சொல், "சாப்பிட்டியா".

"அது எத்தனாவது டின்னுடா?" என்றான் முத்து.

கதவிலிருந்து மூன்றாவது பாய் முத்துவினுடையது. அவனுக்கு வந்தது வெந்தயம், சீனி, கடுகு, சீனி. கடை வாசலில் நின்று டின்களை எண்ணிவிட்டு ஓடிவந்து திருப்பினேன். பூட்டு அசையவில்லை. அந்த இருபத்தொன்றாவது சொல்தான் குழப்புகிறது என்று திரும்பக் கடைக்கு ஓடி, தந்தியை நானாவிடம் நீட்டினேன்.

"சாப்பிட்டியாவா? அந்தச் சரக்கு நம்ம கடையில இல்ல தம்பி" என்றார்.

அப்போது ஓர் அம்மா சீனி கேட்டார். நானா திரும்பிப் பார்க்காமல் பின்னால் கையை விட்டு, அள்ளி, காகிதத்தில் கொட்டினார். கொட்டியது கொத்தமல்லி.

"அலாமாக்! மெர்டேக்காவுக்குப் பெயிண்டு அடிச்சு டின்னையெல்லாம் மாத்தி வெச்சேன். இந்தக் கை பழைய இடத்துக்கே போவுது!"

அண்ணன் எழுதியது அந்தப் பழைய வரிசைப்படிதானே! கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மூச்சை இழுத்துக்கொண்டு கத்திவிட்டேன்.

"நானா, கண்ண மூடுங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. "இவன் பேசுவானா?" என்றார் ஒருவர். நானா பயந்துபோய் கண்ணை மூடினார்.

"வெந்தயம் அள்ளுங்க!" கை ஏழாவது டின்னுக்குப் போனது. "சீனி!" இரண்டாவது. "கடுகு!" ஐந்தாவது. "மறுபடியும் சீனி!" கடையே சேர்ந்து "ரெண்டு!" என்று கத்தியது. எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது.

ஏழு, இரண்டு, ஐந்து, இரண்டு. பூட்டு கழன்று முத்துவின் மடியில் விழுந்தது.

சைக்கிள் பின்னால் அவனை ஏற்றிக்கொண்டு மிதித்தேன். இரண்டு மணிக்கு உள்ளே போனவன் மூன்றரைக்குச் சிரித்துக்கொண்டே வந்தான். "எழுதிக்கிட்டாங்கடா! வா, பசிக்குது. நேத்துலேர்ந்து நீயும் ஒண்ணும் திங்கல" என்றான்.

சாப்பாட்டுக் கடையில் சோற்றில் கை வைத்தபோதுதான் இருபத்தொன்றாவது சொல் எனக்குப் புரிந்தது. முத்துவுக்கு ஒரு தவிப்பு என்றால் நான் பட்டினி கிடந்து ஓடிக்கொண்டிருப்பேன் என்று ஈப்போவில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. குழம்பில் உப்பு கூடவா குறைவா என்று சொல்ல ஒரு சொல் செலவழிக்காத மனுஷன் அவர்.

மறுநாள் தந்தி ஆபீசுக்குப் போய் ஒரே ஒரு சொல் அனுப்பினேன். சாப்பிட்டேன்.