மணி வரும்

எங்கள் சிவகாசியில் லேபிள் கவிராயர் பெயர் வைக்காமல் ஒரு வெடி வெடித்ததாகச் சரித்திரம் கிடையாது. வெடித்திருந்தால் அது திருட்டு வெடி. நான் கம்ப்யூட்டரில் டிசைன் செய்துகொண்டிருந்த அச்சகத்தில், பட்டாசுப் பெட்டிகளுக்குப் பெயரும் வாசகமும் எழுதுவது அவர்தான். சத்தமே வராத பூச்சட்டிக்கு 'மாமியார் மௌனம்'. நிறுத்தாமல் வெடிக்கும் சரத்துக்கு 'சம்பந்தி சண்டை'. லேபிளில் இரண்டு அங்குல இடம்தான் கிடைக்கும் என்பதால் மனிதர் வார்த்தையில் மகா கஞ்சன். லீவு லெட்டரே 'காய்ச்சல். வரவில்லை' என்று முடிந்துவிடும்.

அவர் மனைவி பெயர் மணி. கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் எல்லோருக்கும் அச்சுமுறுக்கு சுட்டுக் கொடுத்துவிடும் அம்மா. பங்குனியில் திடீரென்று இறந்துபோனார். அதோடு கவிராயருக்கு எழுத்து நின்றுவிட்டது. புது ராக்கெட் ஒன்றுக்கு முதலாளி பெயர் கேட்டபோது, 'ராக்கெட்' என்று எழுதி நீட்டினார்.

"அண்ணாச்சி, வெறும் ராக்கெட்னு போட்டிருக்கீகளே?"

"ராக்கெட்தானே?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன்.

கவிராயருடைய சர்ச் பாஸ்டர் விடவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சரித்திர நாடகம் எழுதித் தந்தே ஆகவேண்டும் என்று வந்து உட்கார்ந்துவிட்டார். கதையையும் அவரே சொன்னார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பஞ்சகாலம். மனைவியைப் பறிகொடுத்த ஒரு கவிஞர் எழுதுவதையே விட்டுவிடுகிறார். கிறிஸ்துமஸ் அன்று மறுபடி எழுதுகிறார். அது யார் கதை என்று கவிராயரைத் தவிர எல்லோருக்கும் புரிந்தது. கவிஞராக நடிக்கவும் அவரையே பிடித்தார்கள். எட்டு மாதத் தாடி தயாராக இருந்தது.

நாடகம் முழுக்க எழுதிவிட்டார், கடைசிப் பாட்டைத் தவிர. அதனால் கடைசிக் காட்சிக்கு ஒத்திகையும் இல்லை.

"மேடையில வந்தாப் பாடுறேம்லே. வரலைன்னா இறங்கிருவேன். அப்புறம் இந்தப் பேனாவை நீயே வச்சுக்க" என்றார் என்னிடம்.

விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

நாடகத்தை டைப் செய்ததும், மேடையோரம் நின்று ஆட்களை அனுப்ப ஒப்புக்கொண்டதும் நான்தான். கடைசிக் காட்சியில் இரண்டே வரி. 'மணி வரும். கவிஞர் எழுதுவார்.' எந்த மணி? செத்துப்போன மணியம்மா மேடைக்கு வருகிறாரா? பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதரிடம் இதை எந்த வாயால் கேட்பது? வருஷா வருஷம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்து போகிற எனக்கு, சர்ச்சில் ஆவி வரலாமா கூடாதா என்று என்ன தெரியும்? பாஸ்டர் மூச்சுக்கு மூச்சு பரிசுத்த ஆவி என்கிறாரே, வரும் போலிருக்கிறது என்று முடிவு செய்து, பேக்கிங் பிரிவு செல்வியை வெள்ளைச் சேலை கட்டி வரச் சொன்னேன்.

"வந்து என்னண்ணே சொல்லணும்?"

"யாருன்னு கேட்டா மணின்னு சொல்லு. அம்புட்டுத்தான்."

நாடகத்தன்று சாயங்காலம், சர்ச்சில் மணி அடிக்கிற பெரியவர் மேடையோரம் வந்து, "எப்ப அடிக்கணும் தம்பி?" என்று கேட்டார்.

"இதுல மணியடிக்கிற சோலியே இல்லீங்க. போயி உக்காந்து பாருங்க" என்று அனுப்பிவைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

கடைசிக் காட்சி. தலைப்பாகையும் தாடியுமாகக் கவிராயர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிச் சத்தம் வரவில்லை. செல்வி வந்தாள்.

"யாரும்மா நீ?" என்றார். நாடகத்தில் இல்லாத வசனம்.

"மணிங்க. வரச் சொன்னாக."

மணியம்மாவைத் தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. பாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். அவர் எழுதியிருந்தது சர்ச் மணி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் ஆமத்தூர் பஸ் ஏறிவிடலாமா என்று பார்த்தேன். கவிராயர் எழுந்து, செல்வியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாப்பிட்டியா மணி?" என்றார்.

செல்விக்கு வசனம் தீர்ந்துவிட்டது. உள்ளதைச் சொன்னாள். "இன்னும் இல்லீக. நாடகம் முடிஞ்சாத்தான் பிரியாணின்னு சொல்லிட்டாக."

சர்ச்சே கொல்லென்று சிரித்தது. கவிராயரும் சிரித்தார். சிரித்தபடியே அழுதார். அழுதபடியே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், ஒருத்தரும் அசையவில்லை. பிறகு எழுந்து, சுருதி சேராத குரலில் பாடினார்.

'பந்தி முடிந்ததென்று வாசல் சாத்தாதே,
பசித்தவரைக் கூட்டிக்கொண்டு பாலன் வருகிறார்.'

இரண்டே வரிதான். திரும்பத் திரும்ப அதையே பாடினார், கூட்டமும் சேர்ந்துகொண்டது.

பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, நீங்க எழுதினது சர்ச் மணின்னு எனக்குத் தெரியாமப் போச்சு. தப்பு என்னுதுதான்" என்றேன்.

"இருக்கட்டும்லே" என்றார். "அவ போன அன்னைக்குக் காலையில ஆர்டர் அவசரம்னு கிளம்பிட்டேன். சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கலை. இன்னைக்குக் கேட்டுட்டேன்."

தன் இலையிலிருந்த முட்டையை எடுத்து என் இலையில் வைத்தார். அந்த மனுஷனுக்காக இன்னும் ஆயிரம் தப்பு செய்வேன்.