பல்லைக் கொடுத்து மருந்து வாங்கியவர்

சீட்டாட்டத்தில் நிலத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குதிரைப் பந்தயத்தில் வீட்டைத் தொலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வாயில் இருந்த பல்லையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்தே தீர்த்த மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் ஆரம்பாக்கத்துப் பல்லு நைனா. இல்லை என்பவர்கள் வேறு ஒரு ஆளைக் கூட்டி வரட்டும். முதலில் வாயைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு பேசலாம்.

ஐம்பதுகளில் நான் கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் ஒரு பல் டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். இன்று தொழிற்சாலைகள் புகை விடுகிற இடமெல்லாம் அன்று நெல் வயல். எங்கள் டாக்டர் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் "வாயைத் திற" என்றால் வாசலில் காத்திருப்பவர்களும் சேர்ந்து திறப்பார்கள். பல் பிடுங்கியவர்களுக்கு வலி தெரியாமல் இருக்க ஒரு பழுப்பு நிற மிக்சர் எழுதித் தருவார். அதில் அபின் டிங்க்சர் உண்டு. அதைக் கலந்து பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிய ஓரத்தில் வெட்டுப் போட்ட காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுப்பது என் வேலை.

நைனாவுக்கு அறுபது தாண்டியிருந்தது. சொந்த நிலத்தில் தானே ஏர் பிடித்த உடம்பு. ஆந்திர எல்லை ஓரத்து மனிதர் ஆனதால் அவருக்கு டாக்டரும் நைனா, நானும் நைனா, ஸ்டேஷன் மாஸ்டரும் நைனா. முதல் முறை வந்தபோது கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. நிஜமாகவே சொத்தைப் பல். பிடுங்கி, மிக்சர் கொடுத்து அனுப்பினோம். பாட்டில் காலியானதும் திரும்பி வந்தார். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

"வலி போனது கெடக்கட்டும் நைனா. எம்புள்ள போன நாள்லேர்ந்து நான் கண்ணு மூடுனதே இல்ல. இந்தத் தண்ணி உள்ள போச்சு, நான் எங்க கீறேன்னே எனக்குத் தெரியல. இன்னொரு பாட்டில் குடு."

அவருடைய ஒரே மகன் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து போனவன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டாக்டரும் மனம் இளகி இன்னொரு பாட்டில் எழுதினார்.

அதுதான் வினையாகப் போயிற்று. நைனாவின் தூக்கம் ஊர் ஊராகப் பரவிவிட்டது. இடுப்பு வலிக்கு ஆகும், முட்டி வலிக்கு ஆகும், மருமகள் பேசுவது காதில் விழாமல் போகும் என்றெல்லாம் பேர் வாங்கி, புதுவாயலில் இருந்தும் பழவேற்காட்டில் இருந்தும் கிழடு கட்டைகள் எல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். மதுவிலக்குக் காலம் வேறு. ஸ்டேஷனில் தள்ளாடியவர்களின் வாயை மோந்து பார்த்த போலீஸ்காரர், கள் வாடை இல்லையே என்று குழம்பிப் போனார்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. பட்டாளத்துக் கோபம். அன்று ஒரு சட்டம் போட்டார். பல்லைக் கொடுத்தால்தான் பாட்டில். பல் பிடுங்காதவர்களுக்கு ஒரு சொட்டுக் கூடக் கிடையாது. பெஞ்சு அந்த நிமிஷமே காலியாகிவிட்டது. பழவேற்காட்டு ஜவுளி வியாபாரி ஒருவர், வலி திடீரென்று நின்றுவிட்டதாகச் சொல்லி, டாக்டரின் கைராசியைப் புகழ்ந்துவிட்டே எழுந்து போனார். நைனா ஒருவர்தான் போகவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

டாக்டர் தட்டிப் பார்த்தார். பல் பாறை மாதிரி இருந்தது. ஆடாத பல்லை எடுக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் வந்தபோது அதே பல் ஆடியது. அதற்கடுத்த வாரம் பக்கத்துப் பல் ஆடியது. டாக்டர் இதை அபூர்வமான ஈறு நோய் என்று முடிவு கட்டி, தடிப் புத்தகங்களை எல்லாம் இறக்கிப் படித்தார். புத்தகத்தில் இல்லாத நோய் அது. ஆரம்பாக்கத்தில் பாசஞ்சர் வண்டி ஏறியதும் நைனா கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வாய்க்குள் விட்டு, முளைக்குச்சியைப் பிடுங்குகிறவர் மாதிரி பல்லை ஆட்டிக்கொண்டே வருவாராம். கூட வருகிறவர்கள் எதிர் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்துகொள்வார்களாம்.

பேரத்திலும் அவர் விடவில்லை. கடைவாய்ப் பல்லுக்கும் முன்பல்லுக்கும் ஒரே அளவு பாட்டில் தருவது என்ன நியாயம் என்று என்னிடம் சண்டை போட்டார். ஒரு முறை நல்லெண்ணெய் பாட்டிலைக் கழுவி எடுத்து வந்து, தன் பல்லின் பருமனுக்கு இதுதான் சரி என்றார். நான் சிரித்து உருண்டேன். சிரிக்க முடிந்த கடைசி நாட்கள் அவை.

முன்பல்லும் போன பிறகு ஒரு நாள் அவர் மனைவி வந்தார். ரயிலில் நடக்கிற கூத்தை அந்த அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. நாற்று நடுகிற நேரத்தில் வரப்பிலேயே படுத்துவிடுகிறாராம். கூலிக்காரர்கள் எழுப்பிப் பார்த்துவிட்டு வேறு நிலத்துக்குப் போய்விட்டார்களாம். புள்ளையைத்தான் ஏரி கொண்டு போயிற்று, புருஷனையாவது விட்டு வையுங்கள் என்று டாக்டரைக் கும்பிட்டார். மருந்தைத் தடுக்கத்தான் டாக்டர் சட்டம் போட்டார். அந்தச் சட்டம் ஒரு மனிதனின் வாயையே காலி செய்துகொண்டிருந்தது.

மறுபடி நைனா வந்தபோது, இனிமேல் பல்லும் எடுப்பதில்லை, மருந்தும் இல்லை, காசு வாங்காமல் பல் செட்டு கட்டித் தருகிறேன் என்றார் டாக்டர். நைனா அதைச் சீர்தூக்கிப் பார்த்தார்.

"அந்தச் செட்டுப் பல்லைப் புடுங்கினா மருந்து உண்டா நைனா?"

யாரும் சிரிக்கவில்லை. சென்னைப் பெரியாஸ்பத்திரியில் படுத்துக் குணமாக்கிக்கொள்ளலாம் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நாலைந்து நாளில் திரும்பி வந்து, மிச்சமிருந்த பற்களைத் துண்டு முனையிலிருந்து அவிழ்த்து மேஜையில் கொட்டினார். தானே பிடுங்கியவை. வாய் ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. டாக்டர் அப்போதும் மருந்து தரவில்லை. பட்டாளத்துக்காரர், சொன்னால் சொன்னதுதான்.

அடுத்த முறை வந்தது மாட்டு வண்டி. மருந்து இல்லாமல் நைனா உள்ளே வைக்கோலில் சுருண்டு கிடந்தார். மூக்கில் நீர், கண்ணில் நீர், கொட்டாவிமேல் கொட்டாவி, கால்கள் தாமாக உதறிக்கொண்டிருந்தன. வேட்டியெல்லாம் பேதி. பெற்ற மகனை அடக்கம் செய்த அன்றும் அழாத மனிதர் குழந்தை மாதிரி முனகினார். அந்த அம்மா வண்டியிலிருந்து இறங்கி யாரையும் கேட்காமல் உள்ளே வந்தார். நேராகப் போய் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

"என் வாயில முழுசா கீது டாக்டரய்யா. ஒண்ண எடுத்துக்கினு அவருக்கு ஒரு பாட்டில் ஊத்துங்க."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"எனக்கு வலிக்குத் தண்ணி வேணாம். நான் தாங்கிக்குவேன்."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தார். வெற்றிலைக் கறை படிந்த, வரிசை குலையாத பற்கள். மருந்தை நிறுத்தச் சொல்லி இதே டாக்டரைக் கும்பிட்டவர் அவர். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஊத்துப்பா" என்று என்னிடம் சொன்னார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்று மட்டும்தான்.

அதன் பிறகு சட்டம் கிட்டம் ஒன்றும் இல்லை. நைனாவுக்கு வண்டி ஏற முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆரம்பாக்கம் போனேன். மெல்ல மெல்லக் குறைத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். குறைத்தால் நாக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார். கால் உதறலைப் பார்க்கச் சகிக்காமல் மறுபடி கூட்டுவோம். எங்களால் ஆனது ஒன்றும் இல்லை. அடைமழை பிடித்த ஒரு ஐப்பசியில் தூங்கினவர் எழுந்திருக்கவே இல்லை.

அதற்கப்புறமும் ஞாயிறு வந்தால் கால் தானாக ஸ்டேஷனுக்குப் போயிற்று. கையில் பாட்டில் இல்லாமல் போய் நிற்பேன். ஏன் வந்தாய் என்று அந்த அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. நைனா சாப்பிட உட்காரும் இடத்தில் என்னை உட்கார வைத்துச் சோறு போடுவார். மெல்லவே வேண்டாம், அப்படிக் குழைய வடித்திருப்பார். வேறு மாதிரி வடிக்க அவருக்குக் கை வரவில்லை. நல்லாகீதாப்பா என்று கேட்பார். எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது.