ஐந்நூற்றுக்கு மேல் மழைக்கு அனுமதி இல்லை

ஒரு பெருமழை ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு பெய்ய முடியும் என்று கண்டறிந்து அறிவிப்பதற்கென்றே எங்கள் ஆற்றுக்கு ஓர் அலுவலகம் உண்டு. அணைக்கு எத்தனை மதகு வேண்டும், கரையோரம் எந்தத் தெரு இருக்கலாம், எதைக் காலி செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் முடிவாகும்.

கணக்குப் போடுபவர் என் அண்ணி. இதுவரை அடித்த புயல்களிலேயே மோசமானதை எடுத்து, காற்று தாங்கக்கூடிய ஈரம் அத்தனையையும் அதில் ஏற்றி, ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேரும் நிலப்பரப்பின் நட்டநடுவே காகிதத்தில் நிறுத்தினார். விடை, தொள்ளாயிரம் மில்லிமீட்டர். அதன்படி வெள்ளம் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏழாவது படிவரை வரும். தெருவையே காலி செய்ய வேண்டும்.

"என்ன அண்ணி, நாம குடியிருக்கிற வீட்டையே முழுகடிச்சிட்டீங்க?"

"நான் எங்க தம்பி முழுகடிச்சேன்? மழைதான்."

"கொஞ்சம் கொறைச்சுப் போட்டா கையா வலிக்கும்?"

அவருக்கு வலித்தது. ஆகவே, மழையைக் குறைக்கக் கோரி நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகளோடு மனு கொண்டுபோனோம். முதல் கையெழுத்து என்னுடையது, கொட்டை எழுத்தில்.

பெரிய அதிகாரி நாற்பது வருடப் பதிவேடுகளைப் புரட்டினார். பதினொரு பெருமழைகள். அத்தனையும் மிகச் சரியாக ஐந்நூறு.

"பாத்தியாம்மா, எவ்வளவு ஒழுக்கமான மழை! ஒரு சொட்டு மீறல."

"மழைமானி அவ்வளவுதான் சார் கொள்ளும். மிச்சம் வழிஞ்சு போயிடும்" என்றார் அண்ணி.

"இதுக்கு மேல பெய்யாதுன்னு தெரிஞ்சுதானே ஆபீஸ் அந்த அளவுல வாங்கியிருக்கு?"

"பெரிசா ஒண்ணு வெச்சுப் பாக்கலாமே சார்?"

"வேண்டவே வேண்டாம். பெரிய பாத்திரத்தைப் பாத்தா மழைக்கு ஆசை வந்துடும்."

நாங்கள் கைதட்டினோம். 'மேற்படி நிலப்பரப்பில் மேற்படி மழை ஐந்நூறு மில்லிமீட்டருக்கு மிகாமல் பெய்யும் என இதன்மூலம் அறுதியிடப்படுகிறது' என்று சுற்றறிக்கை வந்தது. அணையில் இரண்டு மதகுகள் உபரி என்று செங்கல் வைத்து அடைத்தார்கள். ஆற்றைப் பார்த்த படுக்கையறை எங்கள் தெருவில் நாகரிகமாயிற்று. நான் எல்லோரையும் மிஞ்சி, நிலவறையே கட்டினேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் பகல் பத்து மணிக்கு என் நிலவறை குளமானது. பதினொன்றுக்குத் தண்ணீர் ஏழாவது படியைத் தொட்டது. அந்தப் படியைப் பார்த்த அண்ணியின் முகத்தில், சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்சம் பெருமை தெரிந்தது. எனக்கோ உயிரே போய்விட்டது. மாடிக்கு ஓடி, அதிகாரிக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சார், படகு அனுப்புங்க!"

"மழை எவ்வளவு?"

அந்த நேரத்தில் மழை அளக்கும் ஊழியர் மழைமானியைக் கட்டிப்பிடித்தபடி நீந்தி வந்து எங்கள் மாடியில் ஏறினார்.

"ஐநூறு சார்!"

"ஐநூறைத் தாண்டினாத்தான் படகு. அதுவரைக்கும் அணை பாத்துக்கும்."

"வழியுது சார்!" என்று அலறினேன்.

"வழிஞ்சது கணக்குல வராதுப்பா."

"எந்த மடையன் சார் இந்த ஐநூறைக் கேட்டது?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

"நூத்திப் பன்னெண்டு பேர். வரிசையா படிக்கட்டுமா?"

பக்கத்து மாடிகளில் நின்ற அத்தனை பேரும் சட்டென்று வானத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அண்ணி மட்டும் என்னைப் பார்த்தார்.