ஒரே பூசணி, இரண்டு தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காய்க்கு முன்னால் கூட்டமில்லை. கல்லுக்கு முன்னால்தான் கூட்டம். கல்லு மாஸ்டர் என்று பேர் வாங்கிய ஒருவர், கறுப்பு நூலில் கட்டிய பளிங்குக் கல்லைக் காய்க்கு மேலே பிடிப்பார். கல் வட்டமாகச் சுற்றினால் காயில் உயிர்ச்சக்தி; குறுக்கே ஆடினால் விஷம். பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாய் பிளந்து நின்றார்கள்.

இத்தனைக்கும் இது, பூச்சிமருந்து அடிக்காத காயை விவசாயிகளே தரகர் இல்லாமல் கொண்டுவந்து விற்கும் சந்தை. விளைவித்தவள் எதிரிலேயே நிற்கிறாள். என்ன உரம் போட்டாய் என்று கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறாள். வாயுள்ள மனுஷியை விட்டுவிட்டு வாயில்லாத கல்லைக் கேட்டால் அதற்குப் பெயர் விழிப்புணர்வாம்!

பூசணிக்காரிக்கு வயிறு எரிந்தது. மாஸ்டருக்குக் கடைக்காரர்கள் வாரம் ஒரு கூடை காய் அழவேண்டும். அவள் மறுத்தாள். அன்றே அவள் கடைமேல் கல் குறுக்கே ஆடியது. அதிலிருந்து ஒரு காயும் விலைபோகவில்லை. இன்றும் விற்காவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சந்தைக் குழு சொல்லிவிட்டது.

"ஒரு கூடைதானே, கொடுத்துத் தொலையேன்," என்றான் புருஷன்.

"மருந்தடிக்காம நீயும் நானும் கையாலதானே புழு பொறுக்கினோம். அதுக்கு சாட்சி சொல்ல ஒரு கல்லுக்கு லஞ்சமா?"

அவள் ஒரு பெரிய பூசணியை இரண்டாகப் பிளந்தாள். பக்கத்துக் கடைக் கீரைக்காரி தவறாமல் கூடை கொடுப்பவள். அவளிடம் ஒரு பாதியை நீட்டினாள்.

"அக்கா, இதை உங்க கடையில வைங்க. யாருதுன்னு சொல்லாதீங்க."

கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போயிருந்த கீரைக்காரி, மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்தாள்.

மாஸ்டர் வந்தார். கீரைக்கடைப் பூசணிமேல் கல் குஷியாகச் சுற்றியது.

"அமிர்தம். கைக்குழந்தைக்கே கொடுக்கலாம்."

அடுத்து, பூசணிக்காரியின் கடையிலிருந்த மறுபாதிமேல் அதே கல் குறுக்கே ஆடியது.

"விஷம். மாடு தின்னாலும் தாங்காது."

"அங்கேயே நில்லுங்க," என்ற பூசணிக்காரி, இரண்டு பாதிகளையும் எடுத்துச் சேர்த்துப் பிடித்தாள். வெட்டுக்கு வெட்டு, வரிக்கு வரி பொருந்தியது. காம்பு கூட ஒட்டிக்கொண்டது. "ஒரே காய்ங்க. இதுல எந்தப் பக்கம் அமிர்தம், எந்தப் பக்கம் விஷம்?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "கடைக்குக் கடை அதிர்வு மாறும்மா. காய் அதை இழுத்துக்கும்."

கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் முன்னால் வந்தாள். "அப்ப என் வீட்டுக்குப் போனதும் மறுபடி மாறிடுமே? இத்தனை நாளா உங்ககிட்ட எதுக்கு சார் கேட்டேன்?"

கல் சட்டைப்பைக்குள் போனது. அன்றைய கூடைகளைக்கூட எடுக்காமல் மாஸ்டர் நடையைக் கட்டினார்.

கூட்டம் இப்போது பூசணிக்காரியை மொய்த்தது. "உன் காய்தான் சுத்தம்னு நிரூபணமாயிடுச்சேம்மா," என்றார் ஒருவர்.

அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"இல்லைங்க, கல்லு பொய்னு மட்டும்தான் நிரூபணமாச்சு. என் காய் சுத்தமான்னு தெரியணும்னா தோட்டத்துக்கு வந்து பாருங்க. நடுவுல தரகர் வேணாம்னுதானே இந்தச் சந்தைக்கு வர்றீங்க? உங்களுக்கும் உங்க மூளைக்கும் நடுவுல மட்டும் எதுக்குங்க ஒரு தரகர்?"