வாசல் வரை வந்த வண்டி

வைப்பரை நிறுத்தப் பொத்தானை அழுத்தினார் டைல்ஸ் கடைக்காரர். வைப்பர் நிற்கவில்லை. டிரைவர் சீட்தான் மெல்ல முன்னால் நகர ஆரம்பித்தது. வெளியே மழையின் அறிகுறிகூட இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி.

"நான் ஒண்ணும் பண்ணல. அதுவா பண்ணுது."

வயிறு ஸ்டியரிங்கில் முட்டிய பிறகுதான் சீட் மனமிரங்கி நின்றது.

அண்ணன் அன்று விடியற்காலையில் போய்விட்டார். மூன்று மணிக்கு எடுத்துவிடுவார்கள். அண்ணி போனில் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்: "உங்களுக்காகத்தான் வச்சிருக்கோம் தம்பி. வந்து ஒரு தடவை முகத்தைப் பாத்துடுங்க."

அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருஷம் ஆகிறது. சண்டைக்குக் காரணம் அப்பா விட்டுப்போன பழைய கார். அது ஓடாது, தள்ளினால் நகரும், அவ்வளவுதான். அதற்காக நரை விழுந்த இரண்டு பேர் நடுக்கூடத்தில் நின்று கத்தினார்கள்.

"இதைவிடப் பெரிய வண்டியில வந்து உங்க வாசல்ல இறங்கறேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று தம்பி சபதம் போட்டார். அந்தக் கோபத்திலும் 'உங்க' என்ற மரியாதையை மட்டும் விடவில்லை.

அந்தச் சபதத்துக்காக வாங்கிய வண்டிதான் இது. தோல் சீட், கண்ணாடிக் கூரை, சின்ன தியேட்டர் மாதிரி ஒரு திரை. வாங்கிய நாளிலிருந்து பாதி நாள் சர்வீஸ் சென்டரில்தான் குடியிருந்தது. "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு சார்" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுப்பார்கள். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் பழுதில்லாமல் வேலை செய்தது. வண்டி சரியாகட்டும், போய் அண்ணனைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் அண்ணன் போய்விட்டார்.

ஓரமாக நிறுத்திவிட்டுக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றது ஒரு தேன் குரல்.

பண்ணினார். வைப்பர் நின்றது. கூடவே எஞ்சினும் நின்றது. நான்கு கண்ணாடிகளும் இறங்கின. பின்கதவு தானாக மேலே தூக்கிக்கொள்ள, அண்ணனுக்காக வாங்கிய பூவெல்லாம் ரோட்டில் சரிந்தது.

"இன்னொரு தடவை பண்ணிப் பாருங்க சார்."

பண்ணினார். ஹாரன் அலற ஆரம்பித்தது. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒரு பஸ் வந்து நின்றது.

எட்டிப் பார்த்த கண்டக்டரிடம் மனைவி ஊர்ப் பேரைச் சொன்னாள். "ஏறுங்க சார், நேரா அங்கதான் போகுது!"

பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி ஓடிப்போய்ப் படியில் கால் வைத்துவிட்டாள்.

"இறங்கு."

"ஏங்க, மனுஷனே போயிட்டாரு. இன்னும் யாருகிட்ட காட்டப் போறீங்க?"

"அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன்..." அவர் குரல் உடைந்தது. "பஸ்ல போய் இறங்கினா, சொன்னதைச் செய்யத் துப்பில்லாதவன்னு நெனச்சுக்கிட்டே போவாரு."

பஸ் புறப்பட்டுவிட்டது. இறங்கி நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஹாரன் சத்தம் பொறுக்காமல் எதிர்ப்புறத்துப் பேட்டரி கடைக்காரர் ஸ்பேனரோடு வந்தார். "ஒயரைக் கழட்டினா அடங்கிடும்."

அடங்கியது. திரும்ப மாட்டியபோது வண்டியில் ஒரு சின்ன விளக்குகூட எரியவில்லை. கியரும் கரண்டில் ஓடுவதாம், தள்ளினாலும் சக்கரம் அசையாது.

"மாமாவோட காராவது தள்ளினா நகரும்" என்றாள் மனைவி.

அவருக்குக் கோபம் வரவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அந்தக் கார்ல ஜன்னல் சீட்டை எப்பவும் எனக்குத்தான் விட்டுக்கொடுப்பாரு. எனக்கு வாந்தி வரும்னு. அவருக்கும் வரும்டி. அடக்கிக்கிட்டே வருவாரு."

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பேட்டரி கடைக்காரர் சொல்லிவிட, பழுது வண்டிகளை ஏற்றிப்போகும் லாரி வந்தது. இரும்புக் கயிற்றால் இழுத்து வண்டியை முதுகில் ஏற்றிக் கட்டினார் லாரி டிரைவர். கணவனும் மனைவியும் முன்னால் அவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"சர்வீஸ் சென்டருக்கா சார்?"

"எங்க அண்ணன் வீட்டுக்கு. வழி நான் சொல்றேன். வண்டியும் வாசல் வரைக்கும் வரணும்."

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். லாரியைக் கிளப்பினார்.

பாதி தூரத்தில் போன் வந்தது. அண்ணிதான். "எவ்வளவு நேரம்தான் வைக்கிறது தம்பி... எடுத்துட்டாங்க."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு, திரும்ப வேண்டிய இடங்களை மனைவிதான் சொன்னாள்.

தெருவில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசல் கழுவிவிட்ட ஈரத்தில் இருந்தது. கேட் திறந்து கிடந்தது, உள்ளே அழுது ஓய்ந்த வீட்டின் அமைதி. இறங்கக் கால் எழாமல், முகம் பார்க்கக் கொடுத்துவைக்காத பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார் தம்பி.

லாரி டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வீட்டை உற்றுப் பார்த்தார்.

"இந்த வீடா சார்? போன மாசம்தான் இதே மாதிரி புது வண்டி ஒண்ணைத் தூக்கிட்டு வந்து இங்க விட்டேன். பெரியவர் வழி பூரா கண்ணைத் தொடச்சுக்கிட்டே வந்தாரு, 'தம்பி வாசல்ல போய் இறங்கத்தான் இதை வாங்கினேன், பாதி வழியில விட்டுடுச்சே'ன்னு."